இடது கையில் எழுதிய சீட்டு

விசில் சார் என்று மாணவர்கள் வைத்த பெயர்தான் பள்ளிக்கூடம் முழுக்க நிலைத்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய சொந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடம் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் நீலக் கயிறு, அதில் நிறம் மங்கிய ஒரு விசில். முட்டியில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு மைதானத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். இவரை என்ன செய்வது என்று நிர்வாகத்துக்குத் தெரியவில்லை. யாரும் தொட விரும்பாத ஒரு வகுப்பைப் பிடித்து இவர் தலையில் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். கால அட்டவணையில் அதற்குப் பெயர் ‘வாழ்வியல்’.

தனி அறை கிடையாது என்பதால் அந்த வகுப்பு நூலகத்தில் நடக்கும். நான் அங்கே உதவியாளன். புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது, கிழிந்ததை ஒட்டுவது, மின்விசிறியை அணைப்பது. யாரும் என்னிடம் பேச வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அந்த வேலையில் பிடித்த விஷயம்.

வாழ்வியலுக்கு ஒரு பாடநூல் இருந்தது. வழுவழுப்பான அட்டை, அதில் சூரிய உதயம். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வியும் விடையும் சேர்ந்தே இருக்கும். ‘வாழ்வின் நோக்கம் யாது? ஐந்து வரிகளில் விடையளி.’ விசில் சார் முதல் நாள் அதை எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்துவிட்டு மூடினார்.

“கேள்வியும் அவனே கேக்கிறான், பதிலும் அவனே சொல்லிக்கிறான். நாம எதுக்கு நடுவுல?” என்றார்.

முப்பத்திரண்டு பேர் சிரித்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். கடைசி பீரியடில் சிரிக்கக் கிடைத்தால் விடுவார்களா.

அடுத்த வாரம் அவர் ஒரு பழைய மரப்பெட்டியோடு வந்தார். ஒரு காலத்தில் விளையாட்டுப் பரிசுக் கோப்பைகள் வந்த பெட்டி. மேலே ஒரு நீளக் கீறல், பக்கத்தில் சின்னப் பூட்டு. யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வியும் எழுதிப் போடலாம், பெயர் எழுதக் கூடாது. வாரத்துக்கு ஒரே ஒரு சீட்டை எடுப்பார். பதில் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி உண்டு. அந்தக் கேள்வி தனக்கு எப்போது வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வந்ததே இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். மாதக் கடைசியில் எல்லாச் சீட்டையும் அவர்கள் கண்ணெதிரிலேயே கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார்.

“வெளியாள் ஒருத்தன் கண்ணுல பட்டாலும் இந்தப் பெட்டியை நானே உடைச்சுடறேன்” என்று வாக்குக் கொடுத்தார். சாவியை என் மேசை இழுப்பறையில் வைக்கச் சொன்னார்.

அந்தச் சீட்டுகளில் வந்த கேள்விகளை எந்தப் பாடநூலும் தாங்காது. ‘பிரார்த்தனை நேரத்தில் நான் நடிக்கிறேன். பக்கத்தில் இருப்பவனும் நடிக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?’ ‘மன்னிப்புக் கேட்டவர்களை மன்னிக்கலாம். கேட்காமலே செத்துப்போனவர்களை?’ ‘எங்கள் நாய் செத்துவிட்டது. இப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அதற்குக் கேட்குமா?’ நாய்க் கேள்வி வந்த அன்று வகுப்பிலேயே தடியன் ஒருவன் எழுந்தான். போன வருடம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்தக் கேள்வி தனக்கு வந்ததாகச் சொன்னான். அதற்கு மேல் பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டான். யாரும் கிண்டல் செய்யவில்லை. விசில் சாரும் எதையும் விளக்கவில்லை. அவரிடம் விளக்கம் எதுவும் கிடையாது. “தெரியலைடா” என்பதை அவர் சொல்லும்போது, போட்டியில் நேரம் அறிவிப்பது போலத் தெளிவாக இருக்கும்.

கடைசி மேசையில் ஒரு பெண். அவளை ‘உம்மணா’ என்பார்கள். உம்மணாமூஞ்சியின் சுருக்கம். அவள் முகம் ஒன்றும் அப்படியில்லை, பேசமாட்டாள், அவ்வளவுதான். அந்த வகுப்பில் இடது கைக்காரி அவள் ஒருத்திதான் என்பதால் எப்போதும் மேசையின் ஓரத்தில் உட்காருவாள், பக்கத்தில் இருப்பவள் முழங்கை இடிக்காமல் இருக்க.

சாரும் வாரம் ஒரு சீட்டு போடுவார். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நாம் சும்மா இருப்பது நியாயமில்லை என்பது அவர் கட்சி. கரும்பலகையில் அவர் எழுத்தைப் பார்த்திருப்பார்கள் என்று, என் மேசைக்கு வந்து முதுகைக் காட்டிக்கொண்டு இடது கையால் எழுதுவார். எழுத்துகள் பின்பக்கமாகச் சாய்ந்து, குடிகாரர்கள் வரிசையில் நிற்பது போல நிற்கும். எழுதி முடித்ததும் விரலில் மை ஒட்டியிருக்கும். “ஒண்ணாங்கிளாஸ் பையன் எழுத்து மாதிரி இல்ல?” என்று என்னிடம் கேட்டுவிட்டு மடித்துப் போடுவார். என்ன எழுதினார் என்று நான் படித்ததில்லை. ஆனால் அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

வருடத்தின் நடுவில் ‘ஆன்மிக நலன் ஆலோசகர்’ என்று ஒருவரைத் தாளாளர் அழைத்து வந்தார். பிள்ளைகள் ஒரே நாளில் அவருக்குப் ‘புன்னகை’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் புன்னகை முகத்தில் வருவதும் போவதும் கிடையாது, அங்கேயே குடியிருந்தது. எல்லோருக்கும் ‘கண்ணா’. நாற்பது வயது அலுவலக உதவியாளரும் கண்ணாதான். பேசும்போது தோளில் கை வைப்பார், வைத்த கையை எடுக்க மறந்துவிடுவார். அந்தக் கை வெதுவெதுவென்று இருக்கும். அவர் போன பிறகு நான் இரண்டு தடவை சட்டைத் தோளைத் துடைத்திருக்கிறேன்.

அவர் ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் அட்டை கொண்டு வந்தார். நன்றியுணர்வு, மனஅமைதி, அர்ப்பணிப்பு, உள்ளொளி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். பதினைந்து வயதுப் பையனுக்கு உள்ளொளியில் ஐந்துக்கு இரண்டரை போட்டு, அவன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிற மனிதர். அந்த அரை மதிப்பெண் எதற்காக என்று கேட்கிற துணிச்சல் எவனுக்கும் வரவில்லை.

முட்டிக்கு ஊசி போட விசில் சார் ஒரு வாரம் விடுப்பில் போனார். திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் புன்னகை நூலகத்துக்கு வந்தார்.

“அந்தப் பெட்டிச் சாவி உங்ககிட்டதானே இருக்கு கண்ணா?”

“சார் வரட்டுமே சார்.”

“நாம எல்லாரும் ஒரே குடும்பம்தானே?”

நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, இரண்டாம் முறை கேட்கவும் இல்லை. அவர் கையை நீட்டினார், நான் கொடுத்தேன். இதை வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அவர் என் மேசையிலேயே சீட்டுகளைப் பரப்பினார். ஒவ்வொன்றையும் படித்து “அழகு, அழகு” என்றார். நாய்க் கேள்விக்கும் அழகுதான். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு சீட்டில் கண் நின்றது. உரக்கப் படித்தார்:

‘விடியற்காலையில் முழிப்பு வருகிறது. எதற்கு என்று தெரியவில்லை. முழிக்காமலே போயிருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?’

பின்பக்கம் சாய்ந்த எழுத்து. ஓரத்தில் மை இழுபட்டிருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் திறக்கவில்லை. புன்னகையின் முகம் அப்போது கவலைப்பட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அது பிரகாசமானது. குப்பையைக் கிளறினவனுக்கு மோதிரம் கிடைத்தது போல. அதையும் இன்னும் ஒரு கைப்பிடிச் சீட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் வகுப்புக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “இங்க யாரெல்லாம் இடது கைப் பழக்கம்? கை தூக்குங்க கண்ணா.” உம்மணா இடது கையைத் தூக்கினாள். விசாரணை அத்தோடு முடிந்தது. அவள் நோட்டை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. மை இழுபட்டிருக்கிறது, இடது கைக்காரி ஒருத்திதான் இருக்கிறாள், அவளும் பேசாதவள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தான் எழுதவில்லை என்று அவள் சொன்னாள். மறுப்பதுதான் முதல் அறிகுறி என்று புன்னகை தாளாளரிடம் விளக்கினார். பிறகு அவள் பேசாமல் இருந்தாள். மௌனம் இரண்டாவது அறிகுறி. மூன்றாம் நாள் அழுதாள். அதற்கும் அவரிடம் ஓர் எண் இருந்தது.

அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வேலைச் சட்டையோடு, விரல் இடுக்கில் கிரீஸோடு வந்து அலுவலக அறையில் நின்றார். உட்காரச் சொன்னதற்கு நாற்காலி அழுக்காகிவிடும் என்றார். அவரிடம், உங்கள் வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், பெண்ணைத் தனியே விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அம்மா அவள் அறை வாசலில் படுத்துக்கொண்டாளாம். வகுப்பில் அவளை முதல் மேசைக்கு மாற்றினார்கள். அவள் கழிப்பறைக்குப் போனால் ஆயாம்மா பின்னாலேயே போய் வெளியே நின்று, நிமிடத்துக்கு ஒரு தரம், “உள்ள இருக்கியா பாப்பா?” என்று கேட்பார்.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் முழுக்க.

விசில் சார் திங்கட்கிழமை திரும்பி வந்தார். பெட்டியைத் தூக்கியவர் ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார்.

“என்னடா தம்பி, இளைச்சுப் போயிருக்கு?”

அவர் கேட்டதால் சொன்னேன். கேட்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. சாவியில் ஆரம்பித்து ஆயாம்மா வரைக்கும் தரையைப் பார்த்தபடியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நொண்டிக்கொண்டே தாளாளர் அறைக்குப் போனார். புதுப் புத்தகங்களுக்குக் கையெழுத்து வாங்கும் சாக்கில் நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

“அதை எழுதினது நான்” என்றார் சார்.

தாளாளர் பேனாவை மூடி வைத்தார். “சரி. கதவைச் சாத்துங்க” என்றார். கதவு சாத்தினாலும் அதற்கு மேலே காற்று வர இடைவெளி உண்டு.

“சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஒரு பிள்ளையைக் காப்பாத்தியிருக்கோம்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு. இப்ப வந்து நான்தான்னா எப்படி சார்?”

“அந்தப் பொண்ணு எழுதலைங்க.”

“எழுதலைன்னா என்ன நஷ்டம்? அவளை நாம அடிச்சோமா? கவனிப்புதானே கிடைக்குது.” குரல் தணிந்தது. “நீங்க எழுதினதா வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? வாழ்வியல் எடுக்கிற வாத்தியாருக்கே வாழப் பிடிக்கலைன்னா, எந்த அப்பன் பிள்ளையை அனுப்புவான்? நானும் உங்களை வச்சிருக்க முடியாது. பேசாம இருங்க. ஓய்வு வயசு வரைக்கும் நீங்களே எடுங்க, நான் பார்த்துக்கிறேன்.”

சார் வெளியே வந்தபோது அவர் முகம் கழுவிய கரும்பலகை மாதிரி இருந்தது. இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. தங்கை வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிற மனிதர். பள்ளிக்கூடம் போய்விட்டால் அந்த அறையும் முட்டியும்தான் மிச்சம். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

புதன்கிழமை மதிய இடைவேளையில் உம்மணா நூலகத்துக்கு வந்தாள். ஆயாம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு நேராக சாரிடம் போனாள். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“சார், நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டா விட்டுடுவாங்களாம். சனிக்கிழமை மேடையில ஏறி நன்றி சொன்னா போதுமாம். அம்மா தூங்கறதே இல்ல சார். சொல்லிடட்டுமா?”

விசில் சார் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “அதை எழுதினது நான்மா.”

 அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். “நீங்களா? உங்களுக்கு ஏன் சார் அப்படித் தோணுச்சு?” என்றாள்.

“அதை அப்புறம் சொல்றேன். விதிப்படி நீ முதல்ல சொல்லு. இந்தக் கேள்வி உனக்கு எப்பவாவது வந்திருக்கா?” என்றார். அவளைச் சிரிக்கவைக்கத்தான் கேட்டார், குரலில் தெரிந்தது.

அவள் சிரிக்கவில்லை. “இதுக்கு முன்னாடி வந்ததில்ல சார். இந்த வாரம்தான் வந்துச்சு. தினம் வருது.”

சாரின் கை கழுத்துக்குப் போய் விசில் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டது. “சனிக்கிழமை நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அப்பாவை வரச் சொல்லு” என்றார்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. மேடையில் பிளாஸ்டிக் பூ வைத்த மேசை, அதன் பக்கத்தில் வெள்ளைப் பலகை, பின்னால் பெரிய திரை. திரையில் அந்தச் சீட்டு, ஆள் உயரத்துக்கு. இழுபட்ட மையும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. பெற்றோர்கள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, “எந்தப் பொண்ணுங்க அது? அந்த மஞ்சள் ரிப்பனா?” என்று பக்கத்தில் கேட்டார். கேட்ட ஆவலில் வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கக்கூட மறந்துவிட்டார்.

புன்னகை ஒலிபெருக்கியில் உருகினார். ஒரு மொட்டு கருக இருந்தது, நாம் நீர் ஊற்றினோம். பிறகு உம்மணாவை மேடைக்கு அழைத்து, தோளில் ‘நம்பிக்கை நட்சத்திரம்’ என்று எழுதிய பட்டையை மாட்டினார். மாட்டிய கையைத் தோளிலேயே வைத்துக்கொண்டார். அவள் அந்தக் கைக்குக் கீழே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

அப்போது விசில் ஒலித்தது. வகுப்பில் ஒரு நாளும் ஊதாத விசில். முந்நூறு பேர் சட்டென்று அடங்கினார்கள், அதில் பாதி அவரிடமே ஓடிப் பழகிய பழைய மாணவர்கள். சார் படிகளில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினார்.

“அந்தச் சீட்டு நான் எழுதினது. கேள்வி எனக்கு எப்ப வந்துச்சுன்னு சொல்லணும், அதான் எங்க வகுப்பு விதி. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு வீடு திரும்பின மூணாம் நாள் வந்துச்சு. இருபத்தாறு வருஷப் பழக்கம், நாலரைக்கு முழிப்பு வந்துருச்சு. எழுந்து ஷூ மாட்டிட்டேன். அப்புறம் எங்க போறதுன்னு தெரியலை. ஷூவோடவே விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். அவ்வளவுதான். இந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

பலகைக்குப் போய் இடது கையில் பேனா பிடித்து அந்த வாக்கியத்தை எழுதத் தொடங்கினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் சாய்ந்தன.

முடிந்தது என்று நினைத்தேன். புன்னகையை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை எடுத்தார். “பார்த்தீர்களா! ஒரு மாணவியின் வலியை ஓர் ஆசிரியர் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறார். அவள் எழுத்தையே பழகி எழுதுகிறார். இதுதான் எங்கள் பள்ளி!”

கைதட்டல் எழுந்தது. அரங்கமே எழுந்து நின்று தட்டியது. எனக்கு முன்னாலிருந்த அம்மா அழுதார். தன் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை ஒரு மனிதர் சொல்லிவிட்டு நிற்கிறார், அதை அங்கேயே பொட்டலம் கட்டி விற்றுவிட்டார்கள்.  

கைதட்டலுக்கு நடுவே லிஃப்ட்காரர் மேடையேறினார். அவர் அவசரப்படவில்லை. பழுது எங்கே என்று பார்க்கிறவர் போலப் பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். சாரின் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பெண்ணிடம் நீட்டினார்.

“நீயும் எழுதும்மா.”

அவள் புன்னகையின் கையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வந்தாள். சாரின் வரிக்குக் கீழே அதே வாக்கியத்தை இடது கையால் எழுதினாள். குண்டு குண்டான நேர் எழுத்து, அச்சில் வார்த்தது போல. ஒரு சொல்கூடச் சாயவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து, மை ஒட்டாமல் கையைத் தூக்கி எழுதிப் பழகியவள் அவள், இழுப்பு எங்கிருந்து வரும்? கைதட்டல் முன்வரிசையிலிருந்து பின்னோக்கி ஓய்ந்துகொண்டே போனது.

“என் பொண்ணு நோட்டைத் திறந்து பார்க்க உங்களுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலையா சார்?” என்று லிஃப்ட்காரர் தாளாளரைக் கேட்டார். “பூட்டின பெட்டியைத் திறக்க மட்டும் நேரம் இருந்துச்சு. சாவியை யார் கொடுத்தது?”

விசில் சாருக்குத் தெரியும். நான் ஏழாவது வரிசையில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

உம்மணா பட்டையைக் கழற்றிப் பிளாஸ்டிக் பூ மேல் போட்டுவிட்டு அப்பாவோடு நடுவழியில் நடந்து வெளியே போனாள். அன்றிரவு அம்மா கட்டிலில் படுத்துத் தூங்கினாளாம்.

சாருக்குத் திங்கட்கிழமை கடிதம் வந்தது. ‘தங்கள் உடல்நலம் கருதி’ என்று தொடங்கியது. பெட்டியை எடுத்துப் போக நூலகத்துக்கு வந்தார். மிச்சச் சீட்டுகளை என் எதிரிலேயே சின்னச் சின்னதாகக் கிழித்தார். பிறகு வாக்குக் கொடுத்தபடி பெட்டியைத் தரையில் வைத்து நல்ல காலால் ஒரே மிதி.

“சாவி நான்தான் சார் கொடுத்தேன்” என்றேன். அவருக்குத் தெரிந்ததையே மறுபடியும்.

“தெரியும்டா. அங்க சொல்லியிருக்கணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பலகைத் துண்டுகளை நான் பொறுக்கினேன். வாசலில் நின்று, கேட்காமலே சொன்னார்: “அந்த லிஃப்ட்காரர் தினம் காலையில நாலரைக்குப் போன் பண்றாருடா. ‘எழுந்தாச்சா சார், ஷூ மாட்டியாச்சா’ங்கிறாரு. அவருக்கு ஷிஃப்ட் அஞ்சு மணிக்கு. என்னையும் கூட்டிட்டுப் போய் லிஃப்ட் வேடிக்கை பார்க்க வைக்கிறாரு மனுஷன்.”

புன்னகை இன்னும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இப்போது அவருடையது. பிள்ளைகள் தங்கள் அட்டையைத் தாங்களே நிரப்புகிறார்கள். முப்பத்திரண்டு அட்டையிலும் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து. உள்ளொளி பெருகிவிட்டது என்று தாளாளருக்கு அறிக்கை போயிருக்கிறது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

போன வாரம் புதிய மாணவர் சேர்க்கைக்கான துண்டுப் பிரசுரம் ஐந்நூறு வந்தது. நூலக மேசையில் அடுக்கி வைக்கச் சொன்னார்கள். முகப்பில் அந்தச் சனிக்கிழமைப் படம்: புன்னகை, பூ மேசை, எழுந்து நின்று கைதட்டும் பெற்றோர். கீழே, ‘எங்கள் மாணவர்கள் கேட்கத் தயங்குவதில்லை.’ சாரையும் அந்தப் பெண்ணையும் வெட்டிவிட்டார்கள். சரியாக வெட்டத் தெரியவில்லை. ஓரத்தில் பேனா பிடித்த ஓர் இடது கை மட்டும் மணிக்கட்டுவரை மிச்சம் இருக்கிறது.

ஐந்நூற்றையும் கவிழ்த்து அடுக்கினேன். கேட்டால், வெயில் பட்டு நிறம் போய்விடும் என்று சொல்வேன். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.